மஞ்சள் அறையில் செய்த பல்

அந்தத் தெருவுக்குள் நுழைந்து பல்லக்கா வீடு எது என்று கேட்டால், யாரும் யோசிக்காமல் கையைக் காட்டுவார்கள். பெயரைக் கேட்டு வேறு மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளுடைய பற்கள் வரிசையாகத்தான் இருக்கும். அவள் பல் செய்கிறவள், அதனால் அந்தப் பெயர். உடைந்த பல்லுக்கு மேலே மாட்டுகிற பீங்கான் கேப்பை வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து செய்து, பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு அனுப்புவாள். ஊரில் பாதிப் பேர் தன் பொண்டாட்டி செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள் என்று அவள் கணவர் சொல்லிக்கொண்டு திரிவார். பாதி என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் கடைத்தெருவில் யாராவது எதிரே வந்து சிரித்தால், அவள் முகத்தைப் பார்க்குமுன் பல்லைப் பார்த்து, "இது நம்மது" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வது உண்டு.

முன்னறையின் நாலு சுவரும் சாம்பல் நிறம். நீலம் கலந்த சாம்பல், பச்சை கலந்த சாம்பல் என்றெல்லாம் உண்டே, அப்படி எந்தப் பக்கமும் சாயாத சாம்பல். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல், அதன் கீழே மேஜை, மேஜை மேலே சாப்பாட்டுக் கேரியர் அளவில் ஒரு மின்சாரச் சூளை, பவுடர் டப்பாக்கள், ஊசிபோல முனை உள்ள பிரஷ்கள். முன்பல் என்றால் டாக்டரம்மா ஆளையே அனுப்பிவிடுவார். வந்தவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, உதட்டுச் சாயம் இருந்தால் துடைக்கச் சொல்லி, பளிச்சென்ற சட்டை போட்டிருந்தால் அதன்மேல் ஒரு சாம்பல் துண்டைப் போர்த்தி, நிறத்துக்கு ஒரு நம்பர் போட்ட மாதிரிப் பல் ஒன்றை அவர் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். ஒரே பார்வை, ஒரு மூச்சு நேரம். உடனே முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்ப்பாள். பிறகு இன்னொரு பார்வை.

"என்னக்கா, நான் அவ்வளவு மோசமாவா இருக்கேன்? முகத்தத் திருப்பிக்கிறீங்க?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

"ரொம்ப நேரம் பாத்தா கண்ணு விட்டுக்குடுத்துரும். எல்லாம் ஒண்ணுபோலத் தெரிய ஆரம்பிச்சுரும். முதப் பார்வைலதான் வித்தியாசம் தெரியும்" என்பாள்.

வெள்ளையாகச் செய்து தரச் சொல்கிறவர்கள்தான் அதிகம். வெள்ளைப் பல் என்று ஒன்று யார் வாயிலும் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஈறு பக்கம் மஞ்சள், நடுவில் பால், நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு லேசான நீலம். வயது ஏற ஏற எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மங்கல் படியும். இத்தனையையும் நகத்தளவுப் பீங்கானுக்குள் கொண்டுவர வேண்டும். பவுடரைக் குழைத்து அடுக்கும்போது அவள் பேச மாட்டாள். பேசினால் மூச்சுப் பட்டுப் பறந்துவிடும். இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்து, வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குச் சுபாவமாகவே ஆகிவிட்டது.

கணவர் அதற்கு நேர் எதிர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வேன்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடியில் பார்த்தபடி பிள்ளைகளோடு வழியெல்லாம் பேசுவார். வீட்டுக்கு வந்தும் நிறுத்த மாட்டார். முன்பெல்லாம் மகள் முன்னறை வாசற்படியில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் அப்பா சொன்னதை அந்தப் பக்கம் அம்மாவுக்கும், அம்மா தலையசைத்ததை அப்பாவுக்கும் மாற்றி மாற்றிச் சொல்லி, இரண்டு பேரையும் கிண்டல் செய்துகொண்டிருப்பாள். கல்யாணம் ஆகி அவள் வெளியூர் போன பிறகு வீட்டில் சூளையின் விசில் மட்டும்தான் பெரிய சத்தம். வேன்காரர் ஏதாவது சொல்வார், பல்லக்கா "ம்" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் இன்னொன்று சொல்வார். அதற்கும் ஒரு "ம்" வரும்.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு யாரோ ஒருத்தர் வந்து நிறங்களும் மனசும் என்று பேசிவிட்டுப் போனார். டீயும் பிஸ்கட்டும் கிடைக்கும் என்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்த வேன்காரர், மொத்தப் பேச்சையும் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"சிவப்பு பசியத் தூண்டுமாம். அதான் ஓட்டல்காரன் எல்லாம் சிவப்புல போர்டு வைக்கிறான்."

"உங்களுக்கு எந்த போர்டும் வேண்டியதில்லையே" என்றாள் பல்லக்கா. அன்றைக்குப் பவுடர் வேலை முடிந்திருந்ததால் வாய் திறந்தாள்.

"கிண்டல் பண்ணாத. நீலம் அமைதி. பச்சை நிதானம். டாக்டரம்மா கிளினிக்குக்குப் பச்சை அடிச்சிருக்காங்க பாரு, அவங்க வெவரமானவங்க."

"அங்க யாரும் நிதானமா உக்காந்து நான் பாத்ததில்ல. நாற்காலிக் கைய உடைக்கிற மாதிரியில்ல புடிச்சுக்கிட்டு இருக்காங்க."

"மஞ்சள் சந்தோஷம். என் வேன் மஞ்சள். பிள்ளைங்க ஏறும்போதே கூத்தும் கும்மாளமுமா ஏறுதுங்க."

"ஸ்கூல் விட்டா பிள்ளைங்க அழுதுக்கிட்டா ஏறும்?"

"காலைல ஸ்கூலுக்குப் போறப்பவும்தான் சிரிக்குதுங்க. அதுக்கு என்ன சொல்ற?" அவர் கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "சாம்பல் என்னன்னு கேளேன்" என்றார்.

அவள் அதற்குள் டப்பாக்களை மூடி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். கேட்கவில்லை. சாம்பல் மனசை அமுக்கும், நாளெல்லாம் சாம்பலுக்கு நடுவே இருக்கிறவர்கள் மெல்ல மெல்லப் பேச்சை மறந்துவிடுவார்கள் என்று அந்த ஆள் சொன்னதை வேன்காரர் யாரிடமும் சொல்லாமல் உள்ளே வைத்துக்கொண்டார்.

மகள் வேறு வீடு மாறினாள். சாமான்களை ஒழுங்குபடுத்த அம்மா வந்தால் தேவலை என்று போன் செய்தாள். பள்ளிக்கூடம் நடக்கிற சமயம் என்பதால் வேன்காரர் போக முடியவில்லை. பல்லக்கா மட்டும் போய் ஒரு வாரம் போல இருந்துவிட்டுத் திரும்பினாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வேனையே கொண்டுவந்திருந்தார். வழக்கமாக மூட்டையை வாங்குவதற்கு முன்பே பேச ஆரம்பிக்கிற மனுஷன், அன்றைக்கு உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

"என்ன, பல்லு வலியா?"

"ம்ஹூம். சளி" என்றார் வாயைக் கையால் மூடியபடி.

வீட்டு வாசலில் நிறுத்தி, கண்ணை மூடு என்றார். இந்த வயதில் இது என்ன கூத்து என்று அவள் மூடிக்கொண்டாள். தோளைப் பிடித்து முன்னறைக்குள் தள்ளிக்கொண்டு போய், இப்போ திற என்றார். அவள் கண்ணைத் திறந்தாள்.

நாலு சுவரும் மஞ்சள். முட்டைக் கருவை எடுத்து அப்பியது மாதிரி மஞ்சள். ஜன்னலுக்குள் வந்த வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி அவளுடைய புடவை, கை, மேஜை, சூளை எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிட்டிருந்தது. மூலைகளில் பிரஷ் போன தடம் தெரிந்தது. மின்விசிறி இறக்கையில் பொட்டுப் பொட்டாகப் பெயிண்ட். ஆனால் அவளுடைய மேஜையின் மேல் ஒரு சொட்டு இல்லை. வேன் சீட் உறைகளைக் கழற்றிக் கொண்டுவந்து போர்த்தியிருக்கிறார்.

"டப்பால சூரியகாந்தின்னு போட்டிருந்துச்சு" என்று சொல்லிப் பெருமை தாங்காமல் சிரித்தார். சிரித்ததும் குட்டு வெளிப்பட்டது. மேல் வரிசை முன்பல்லில் ஒன்று பாதியைக் காணோம்.

"வாயத் தொறங்க."

"அது ஒண்ணும் இல்ல."

"தொறங்கன்னா."

திறந்தார். அவள் எட்டிப் பார்த்தாள். "எப்படி ஆச்சு?"

"டப்பா மூடி டைட்டா இருந்துச்சு."

"பல்லாலயா தொறந்தீங்க?"

"ஸ்க்ரூடிரைவர் வேன்ல இருந்துச்சு. வேன் வெளிய நின்னுச்சு."

"வேன் வெளிய நிக்காம கட்டிலுக்கு அடியிலயா நிக்கும்? ஊருக்கே பல்லு செஞ்சு குடுக்கறவ வீட்டுல, பெயிண்ட் டப்பாவப் பல்லால தொறந்தாங்கன்னு வெளிய தெரிஞ்சா நான் எங்க போய் முட்டிக்கிறது?"

"யாருகிட்டயும் சொல்லல. பிள்ளைங்ககிட்ட மட்டும் சொன்னேன்."

"அப்ப ஊருக்கே தெரியும்."

அவர் அசடு வழிய நின்றார். காது மடலில், புருவத்தில், கழுத்தில் எல்லாம் மஞ்சள் துளிகள் காய்ந்துபோயிருந்தன. வலது தோளை ஒரு மாதிரி சாய்த்து வைத்திருந்தார். அது வேன் ஸ்டியரிங் பிடித்துத் தேய்ந்துபோன தோள், சட்டை மாட்டவே முனகுகிறவர். அந்தக் கையால்தான் கூரைவரை அடித்திருக்கிறார்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

இந்த அறையில் வேலை செய்ய முடியாது என்று கண்ணைத் திறந்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தொழில் கற்ற இடத்தில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது அது. சுவரில் நிறம் இருந்தால் அது கண்ணுக்குள் புகுந்துகொள்ளும், அப்புறம் பல்லைப் பார்க்கிற கண் உன் கண்ணாக இருக்காது என்பார்கள். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். எதிரே பாதிப் பல்லோடு ஒரு மனுஷன் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கென்று அவர் தன் கையால் செய்த பெரிய காரியம் இதுதான்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சளி என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சுவர் என்ன செய்துவிடும், இத்தனை வருஷம் பழகின கண் என்று அவள் தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். அங்கேதான் அவள் தப்புச் செய்தாள். பழகின கண்ணுக்கும் புதுக் கண்ணுக்கும் மஞ்சள் ஒரே மஞ்சள்தான்.

முதலில் அவருடைய பல்லையே செய்தாள். டாக்டரம்மா உடைந்ததை ராவி அச்சு எடுத்து அனுப்பினார். கணவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, பார்த்து, திரும்பினாள். திரும்பிய பக்கமெல்லாம் மஞ்சள். கண் எதிலும் போய் இளைப்பாற முடியவில்லை. குழைத்து, அடுக்கி, சுட்டு எடுத்துப் பார்த்தபோது கொஞ்சம் வெளிறினாற்போல் இருந்தது. மஞ்சள் சாயம் ஒரு இழுப்புச் சேர்த்தாள். மறுபடி சுட்டாள். இப்போது சரியாக இருந்தது. கிளினிக்கில் போய் மாட்டிக்கொண்டு வந்தவர், அந்த அறைக்குள் நின்று ஈ என்று காட்டினார். அச்சு அசல்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"உன்னப் பத்திதான் பெருமையா சொன்னாங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவதை அவள் கவனிக்கத்தான் செய்தாள். புதுப் பல் கூச்சம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தாள். வேனில்கூடச் சத்தம் குறைந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொன்னது.

பத்திரம் எழுதுகிறவர் ஒருத்தரின் கோரைப்பல் முதலில் திரும்பி வந்தது. கொஞ்சம் மஞ்சள் தூக்கலாக இருக்கிறது, மாற்றித் தர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார். யாருக்கும் எப்போதாவது நடப்பதுதான் என்று வேறு செய்து கொடுத்தாள். அதுவும் திரும்பியது. பிறகு பாட்டு டீச்சருடையது. அந்தம்மா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, இந்தப் பல்லை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து எப்படிப் பாடுவது என்று கிளினிக்கிலேயே அழுதுவிட்டாராம். டாக்டரம்மா போனில் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. கண்ண ஒரு தடவ காட்டிருங்களேன்."

"கண்ணுக்கு என்ன டாக்டரம்மா?"

"இல்ல, வயசாகும்போது சில பேருக்கு நெறம் தெரியறது மாறும். எங்கப்பாவுக்கே ஆச்சு. அடுத்து ஒரு நர்ஸ் பொண்ண அனுப்பறேன், ஸ்கூட்டர்ல விழுந்து முன்பல்லு போயிருச்சு. சின்னப் பொண்ணு. அது மட்டும் சரியா வரலன்னா, நான் வெளியூர் லேபுக்குத்தான் குடுத்தாகணும். எனக்கு வேற வழியில்லக்கா. நீங்க செஞ்ச பல்லுதான் என் வாயிலயும் இருக்கு, ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு. கடவாய்ப் பல்லு."

"அதான். இதச் சொல்ல எனக்கே வாய் வரல."

போனை வைத்துவிட்டுப் பல்லக்கா திரும்பி வந்த பல்லை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். வானம் மூடியிருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சோளத்தில் உதிர்த்தெடுத்த மணி மாதிரி இருந்தது அது. பாட்டு டீச்சர் அழாமல் என்ன செய்வார்? உள்ளே கொண்டுபோய்ப் பார்த்தாள், பால்போல் இருந்தது. வெளியே வந்தாள், சோளம். உள்ளே, பால். கண் நன்றாகத்தான் இருந்தது. நெஞ்சுவரை வந்த பயம் இறங்கியது. இறங்கிய இடத்தில் இன்னொரு கவலை வந்து உட்கார்ந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

சொல்லாமலே சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். பெட்டியடியில் கிடந்த சாம்பல் போர்வைகளையும் படுக்கை விரிப்புகளையும் தேடி எடுத்தாள். காலையில் வேன் தெருமுனை திரும்பியதும் அறையைச் சுற்றிக் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு அவற்றைத் தொங்கவிடுவாள். மாலையில் வேன் சத்தம் கேட்கிறதுக்குள் எல்லாவற்றையும் அவிழ்த்து மடித்து ஒளித்துவிடுவாள். இந்த வயதில் புருஷனுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்கிறேன், அதுவும் போர்வை கட்டுகிற காரியம் என்று நினைக்க அவளுக்கே சிரிப்பு வந்தது.

நர்ஸ் பொண்ணு வந்தபோது கூடாரத்துக்குள் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது.

"என்னக்கா, சர்க்கஸ்ல சிங்கத்துக்குப் பல்லு புடுங்கற எடம் மாதிரி இருக்கு?"

"சிங்கம் பேசாம வாயத் தொறக்கும். நீயும் தொற."

அவள் மாதிரிப் பல்லைப் பக்கத்தில் வைத்தாள். ஒரு மூச்சு நேரம் பார்த்தாள். திரும்பிப் போர்வையைப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு கண்ணுக்குள் எல்லாம் அடங்கி அமைதியானது. மறுபடி பார்த்தபோது அந்தப் பொண்ணின் பல் நுனியில் இருந்த நீலம்கூட தெளிவாகத் தெரிந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு நேரம் போனதே தெரியவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டதும் தெரியவில்லை.

மழை வலுத்ததால் பள்ளிக்கூடத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு நனைந்துகொண்டு வந்த வேன்காரர், முன்னறை வாசலில் நின்று பார்த்தார். அவர் அடித்த சுவர் எதுவும் தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் சாம்பல் போர்வை.

சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் உள்ளே போய் மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்து, கூடார வாசலில் தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பிவிட்டார். நர்ஸ் பொண்ணு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, டீயைச் சூட்டோடு சூடாக வாயில் ஊற்றிக்கொண்டு மழையென்றும் பாராமல் கிளம்பியது.

பல்லக்கா சமையலறைக்குப் போனாள். அவர் துவட்டாத தலையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"பிடிக்கலன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"பிடிக்கலன்னு யாரு சொன்னது?"

"போர்வை சொல்லுது."

"கொஞ்சம் எந்திரிச்சு வாங்க."

"நான் வரல."

"வாங்கன்னு சொல்றேன்ல."

கையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு போர்வையை அவிழ்த்து விட்டாள். சுவர் மழை வெளிச்சத்திலும் பளிச்சென்று இருந்தது. "இதையே பாருங்க. கண்ண எடுக்காதீங்க. நான் சொல்றவரைக்கும்." அவர் முறைத்துக்கொண்டே பார்த்தார். அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். "இப்ப இதப் பாருங்க."

"அட!" என்றார். கோபமாக இருக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது. "நீலமா தெரியுது?"

"தாள் வெள்ளைதான். மஞ்சளையே பாத்த கண்ணு அதுக்கு எதிர நிக்கற நீலத்தப் போட்டுக் காட்டுது. எனக்கும் அதேதான். நல்ல பல்லு வெளிறித் தெரிஞ்சது. நான் மஞ்சள் மேல மஞ்சளாச் சேத்தேன். எல்லாம் திரும்பி வந்திருச்சு. டாக்டரம்மா வெளியூருக்குக் குடுக்கறேங்கறாங்க."

அவர் தாளைக் கையில் வாங்கி, சுவரையும் தாளையும் மறுபடி பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் வாயைத் தொட்டார். "அப்ப உன் கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

"என் கண்ணுக்கு என்ன?"

அவர் கொஞ்சம் தள்ளிப் போய்ப் படியில் உட்கார்ந்தார். மகள் உட்கார்கிற படி. "அன்னைக்கு இதப் போடறப்பவே டாக்டரம்மா சொன்னாங்க, மஞ்சளா இருக்கு, திருப்பி அனுப்பறேன்னு. கண்ணாடியில பாத்தா வேன் கலருக்கு இருக்கு. நான்தான் வேணாம், என் பொண்டாட்டி செஞ்சது, இதையே போடுங்கன்னு சண்ட போட்டேன். உனக்குக் கண்ணு மங்கிருச்சு, சொன்னா ஒடஞ்சு போயிருவன்னு நெனச்சேன். தினமும் காலைல வேன்ல ஏறி, இவளுக்குப் பார்வை போயிட்டா என்ன பண்றதுன்னு நெனச்சுக்கிட்டேதான் ஓட்டறேன்."

"அதான் வாய மூடிக்கிட்டுப் பேசினீங்களா?"

"பிள்ளைங்க பாத்துட்டு, மாமா பல்லுல வெண்ணெ ஒட்டியிருக்குன்னு சொல்லுதுங்க."

பல்லக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. புடவைத் தலைப்பால் அவர் தலையைத் துவட்டினாள். தலைப்பு நனைந்தும் விடாமல் துவட்டிக்கொண்டிருந்தாள். "ஊர்ல இல்லாத அதிசயமா எதுக்கு இந்தப் பெயிண்ட்டு? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"சாம்பல் மனச அமுக்கும்னு அந்தாளு சொன்னாரு. பேச்சே மறந்துரும்னு. எனக்கு உன் ஞாபகம்தான் வந்துச்சு."

"சாம்பல்தாங்க எனக்கு நிம்மதி. ஒரு நிறமும் வந்து என்னத் தொந்தரவு பண்ணாது. அதுக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? பேசினா பவுடர் பறக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அது பகல்ல. சாயங்காலம் எந்தப் பவுடர் பறக்குது?"

துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அவ போனதுல இருந்து" என்று அவர் மெல்லச் சொன்னார், "நான் சொல்றேன், நீ ம்ங்கற. வேன்ல இருந்து எறங்கறப்பவே மனசு எறங்கிருது. உள்ள போனா யாரு பேசுவான்னு. எனக்குப் பயமா இருக்கும்மா. உனக்கு ஒண்ணும் ஆகல, எனக்குத்தான் தாங்கல. அத உன்கிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு செவுத்துல அடிச்சிட்டேன்."

அவளும் படியில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கு அது குறுகல்தான். மகள் இல்லாத வீட்டில் மாலையில் எதைப் பேசினாலும் அழுகையில் போய் முடியும் என்று பயந்துதான் தான் பேச்சையே விட்டுவிட்டதாக அவளும் சொன்னாள். அவர் பேசுவதெல்லாம் காதில் விழும், விழாமல் இருந்ததே இல்லை என்றும் சொன்னாள். மழை விட்டும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. ஆறிப்போன டீயை அப்படியே குடித்தார்கள்.

அடுத்து வந்த விடுமுறை நாளில் வேன்காரர் பெயிண்ட் கடைக்குப் போய், எந்தப் பக்கமும் சாயாத சாம்பல் வேண்டும் என்று கேட்டார். சாயாதது என்றால் என்ன என்று கடைக்காரர் திருப்பிக் கேட்க, பல்லக்கா கொடுத்தனுப்பிய சாம்பல் துண்டை எடுத்துக் காட்டினார். டப்பா மூடியை ஸ்க்ரூடிரைவரால் திறந்தார், அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பூச்சில் அடியிலிருந்த மஞ்சள் எட்டிப் பார்த்துச் சுவர் பாசி பிடித்த மாதிரி ஆனது. இரண்டாவது அடிக்க வேண்டியதாயிற்று. மேலே எட்டுகிற இடத்தை எல்லாம் அவள் அடித்தாள், தோள் வலிக்காரர் கீழே அடித்தார். மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

"அப்பா, நீங்க பல்ல ஒடச்சதையும் அம்மா கூடாரம் போட்டதையும் யாராவது எனக்குச் சொன்னீங்களா?" என்று மகள் கத்தினாள். "நான் இல்லாம ரெண்டு பேரும் இவ்வளவு கூத்தா அடிக்கறீங்க?"

"நீ இல்லாததாலதான்டி" என்றாள் அம்மா.

நர்ஸ் பொண்ணின் பல்லை டாக்டரம்மா மாட்டிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் செய்தார். "அக்கா, எது அவ பல்லு, எது உங்க பல்லுன்னு எனக்கே தெரியல. வெளியூர் லேப் பேச்ச நான் எடுக்கவே இல்லன்னு வச்சுக்கோங்க. பாட்டு டீச்சரையும் இன்னொரு தடவ அனுப்பறேன்." பல்லக்கா சரி என்றாள். போனை வைத்ததும் பாட்டு டீச்சரின் அச்சைத் தேடி எடுத்தாள்.

கடைசியாக வேன்காரரின் முறை வந்தது. டாக்டரம்மா அந்த மஞ்சள் கேப்பைக் கழற்றி அனுப்பியிருந்தார். ஜன்னலோரம் உட்கார வைத்து, சட்டைக்கு மேல் சாம்பல் துண்டைப் போர்த்தினாள். மாதிரிப் பல்லைப் பக்கத்தில் வைத்து ஒரு மூச்சு நேரம் பார்த்தாள். திரும்பிச் சுவரைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

பக்கத்துப் பல்லில் நுனி நீலம் ஏறக்குறைய இல்லை. டீக் கறை ஓரத்தில் கோடாக ஓடியிருந்தது. எல்லாவற்றின் மேலும் ஒரு மங்கல். இது எப்போது இப்படி ஆனது? ஊரில் இருக்கிற வாயெல்லாம் பார்த்தவள் இந்த வாயை எத்தனை வருஷமாகப் பார்க்கவில்லை? பல்லைத் தாண்டி அவள் பார்வை மேலே போனது. மீசையில் வெள்ளை. புருவத்திலும் வெள்ளை, அதில் இன்னும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துளி சூரியகாந்தி மஞ்சள். நிறத்தின் நம்பர் கிடைத்துவிட்டது, பல் செய்யத் தேவையானது எல்லாம் முதல் பார்வையிலேயே முடிந்துவிட்டது. அவள் திரும்பவில்லை.

"என்ன, இவ்வளவு நேரமா பாக்கற?" என்றார் அவர், வாயை முழுக்க மூடாமல். "கண்ணு விட்டுக்குடுத்துரும்னு நீதான சொல்லுவ?"

"குடுத்தா குடுக்கட்டும்" என்றாள் பல்லக்கா. "நீங்க பேசுங்க. வேன்ல இன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அவர் கையால் வாயை மறைக்காமல் சொல்ல ஆரம்பித்தார்.